தேதி மாறாது

பிப்ரவரி 6

சட்டைக் காலரை இன்னமும் ஒழுங்காக மடிக்கத் தெரியாத என் தம்பிக்கு,

உன்னோடு போனில் பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான். "ம்", "சரிக்கா", "பாக்கலாம்க்கா". இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாய். அதனால்தான் கடிதம். பேனாவைப் பிடித்தால் உனக்குப் பொய் வராது. பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரிலேயே "காய்ச்சல் வந்தது போல் இருந்தது" என்று எழுதியவன் நீ.

இங்கே அத்தானுக்கு முதுகுவலி. அவர் அதைச் சொல்லிச் சொல்லி, கேட்கிற எங்களுக்குத்தான் வலி அதிகம். வாண்டுக்கு முன்பற்கள் விழுந்துவிட்டன. சிரிக்கவே மாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறாள். மாமா எப்போ வருவான் என்று கேட்கிறாள். மரியாதை போதாது என்று நீயே வந்து சொல்லிக்கொள்.

என் குழந்தைகள் வார்டைப் பற்றிக் கேட்காதே. நரம்பு வழியாக மருந்தை அளந்து ஏற்றுகிற பம்புகள் உன் வயசு இருக்கும் போல. பாதியில் நின்றுவிடுகின்றன. நின்றால் மணியாவது அடிக்க வேண்டுமே, அதுவும் கிடையாது. என் நர்ஸ் பெண்கள் கட்டில் கட்டிலாக ஓடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பம்பு எப்போது நிற்கும் என்ற திகிலோடுதான் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

உங்கள் கம்பெனியின் புதுப் பம்புகள் ஜூனில் வந்துவிடும் என்று தலைமை டாக்டர் மீட்டிங்கில் சொன்னார். "வந்துடுமா சிஸ்டர்? உங்க தம்பிதானே சோதிச்சு அனுப்பறது?" என்று என்னையே கேட்டார். "அவன் சொன்னா சொன்னதுதான் டாக்டர்" என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை, போ. சீக்கிரம் முடித்து அனுப்பு. என் மானம் உன் கையில்.

உன் காதைத் திருக இன்னும் உரிமையுள்ள
அக்கா

மார்ச் 1

அக்கா,

நலமாக இருக்கிறேன். நலம் போல் இருக்கிறது.

ஜூனில் வரும் என்று நீ வாக்குக் கொடுத்திருக்க வேண்டாம். உன்மேல் தப்பில்லை. இங்கே எல்லோரும் அப்படித்தான் வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மேனேஜரை நாங்கள் காலண்டர் என்று கூப்பிடுவோம், அவர் காதில் விழாமல். பம்பைச் சோதித்து முடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று எங்களைக் கேட்டார். பத்து மாதம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தோம். அவர் மேலே போய் நான்கு மாதம் என்று சொல்லிவிட்டு வந்தார். "எப்படி சார் முடியும்?" என்றேன். "நீங்கள்லாம் கெட்டிக்காரங்கப்பா" என்று தோளில் தட்டினார். பிறகு ஒரு பெரிய தாளில் தேதியை அச்சடித்து, சோதனைக்கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். தலையை எங்கே திருப்பினாலும் அதுதான் தெரிகிறது.

அவர் திட்டுவதில்லை அக்கா. திட்டினால்கூடத் தேவலாம். நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். "என்ன, முடிஞ்சுதா?" அவ்வளவுதான். அந்தக் குரல் வருவதற்கு முன்பே, ஷூ சத்தம் கேட்டதுமே, செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டுச் சுவரில் இருக்கிற தேதியைப் பார்க்கிறேன். போன வாரம் எங்கள் குழுவில் ஒருவர் கைகழுவும் இடத்தில் மயங்கி விழுந்தார். மறுநாள் நெற்றியில் பிளாஸ்திரியோடு வேலைக்கு வந்தார். காலண்டர் எங்கள் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி அவருக்குக் கைதட்டவைத்தார். நானும் தட்டினேன். தட்டும்போது ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். அடுத்து யார் என்று எல்லோருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. குருவி என்று பெயர் வைத்திருக்கிறோம். என் பக்கத்து மேஜை. "அண்ணா, எல்லா ஆபீஸும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பம்பைப் பற்றி எதுவும் எழுத முடியாது. வெளியே சொல்ல மாட்டோம் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். பம்பை வாங்குகிற ஆஸ்பத்திரி உன்னுடையதாக இருந்தாலும் அப்படித்தான்.

வாண்டுவிடம் மாமா வருவான் என்று சொல். எப்போது என்று மட்டும் சொல்லாதே.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். "வேலைன்னா அப்படித்தான்" என்றார். பிறகு கடிதத்தை வாங்கி அவரே மறுபடி ஒருமுறை படித்தார்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? கேட்டால் "ம்" என்பாய். எனக்குத் தெரியும். எழுத்து எலும்பும் தோலுமாக இருக்கிறது. ஆள் எப்படி இருப்பாய் என்று பார்க்காமலே சொல்வேன். கைதட்டினேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம்தான் எனக்கு ஒப்பவில்லை. நீ அப்படித் தட்டுகிறவன் இல்லையே.

ஒன்று சொல்லட்டுமா? ஜூன் இல்லாவிட்டால் ஆகஸ்ட். நான் டாக்டரிடம் பேசிக்கொள்கிறேன். என் மானம் அப்படியொன்றும் உடைகிற சாமான் இல்லை. முடியாது என்றால் முடியாது என்று உங்கள் காலண்டரிடம் சொல்லிவிடு. நாக்கு என்ன அறுந்தா விழும்?

அக்கா

மே 30

அக்கா,

முடிந்துவிட்டது. பம்புகள் கிளம்பிவிட்டன. தேதி மாறவில்லை. இனிப்புக் கொடுத்தார்கள். காலண்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. குளிர்பதன அறைக்குள் ஒரு மனிதனுக்கு அவ்வளவு வேர்க்கும் என்று எனக்குத் தெரியாது.

நீ சொன்னதை நான் செய்து பார்த்தேன். முடியாது என்று ஒருமுறை சொன்னேன். "எனக்கு மேலே இருக்கிறவர் எங்கிட்ட காரணம் கேக்க மாட்டார்ப்பா. தேதி மட்டும்தான் கேப்பார். நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்லு" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. திரும்பிப் போய் என் மேஜையில் உட்கார்ந்தேன்.

ஒரு விஷயம். பம்பு வந்ததும் எப்போதும் கரண்டிலேயே போட்டுவை. அநாவசியமாக ஒயரைப் பிடுங்க வேண்டாம். பேட்டரி சீக்கிரம் வீணாகிவிடும். உன் பெண்களிடமும் சொல்லிவிடு. மறந்துவிடாதே.

எனக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. தூக்கம்தான் கொஞ்சம் பிடிப்பதில்லை.

தம்பி

ஜூன் 21

கெட்டிக்காரத் தம்பிக்கு,

வந்துவிட்டன! பளபளவென்று, கட்டிலுக்கு ஒன்றாக. நின்றால் மணியடிக்கிறது. முதல் நாள் மணி கேட்டதும் என் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். தலைமை டாக்டர் எல்லோர் முன்னாலும் "சிஸ்டரோட தம்பி செஞ்சது" என்றார். நீ செய்யவில்லை, சோதித்தாய் என்று நான் திருத்தவில்லை. கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேனே, உனக்கென்ன நஷ்டம்?

நீ சொன்னபடி ஒயரைப் பிடுங்காமல்தான் வைத்திருக்கிறேன். ஒருநாள் மட்டும் முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நாலு வயதுக் குழந்தை ஒருத்தி, வலி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஸ்கேனுக்குக் கீழ்த்தளம் கொண்டுபோக வேண்டும். பம்பைப் பேட்டரியில் போட்டுக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மூச்சு இழுத்து இழுத்து விட்டாள். டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன். டாக்டர் மருந்தை நிறுத்தி, ஆக்சிஜன் வைத்து, ஒரு மாதிரியாகத் தேற்றிவிட்டார். சாயங்காலம் பொம்மை கேட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் பாத்ரூமில் போய் அழுதேன். பலவீனமான குழந்தை, மருந்து தாங்கவில்லை என்றார்கள்.

ஒயரைப் பிடுங்கிய அந்த நேரத்தில் பம்பின் திரையில் எண் ஒரு தரம் மாறி மறுபடி சரியானது போல எனக்குத் தோன்றியது. மூன்று இருந்த இடத்தில் முப்பதோ என்னவோ. அத்தான் கண்ணாடி போடச் சொல்கிறார். வயசாகிறது, வேறென்ன.

இனியாவது நன்றாகத் தூங்கு. வேலைதான் முடிந்துவிட்டதே.

பெருமை பிடித்த
அக்கா

ஜூலை 2

அக்கா,

உன் ஊரிலிருந்து திரும்பி வந்து சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. என் வாழ்நாளில் நீ அதைக் கேட்காமல் என்னை அனுப்பியது இதுதான் முதல் தடவை.

உன் கடிதத்தைப் படித்ததும் எத்தனை முறை கூப்பிட்டேன் தெரியுமா? நீ டியூட்டியில் இருந்தாய். வார்டு போனை எடுத்த பெண்ணிடம், "யாரும் ஒயரைப் பிடுங்கக் கூடாது, அக்காகிட்ட சொல்லுங்க" என்று கத்தினேன். "அவங்க ஏற்கெனவே சொல்லியிருக்காங்க சார், பேட்டரி வீணாகுமாமே" என்று சிரித்தாள். போனை வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினேன்.

ஒயரைப் பிடுங்கும்போது அளவு தவறலாம் என்று நான் வந்து சொன்னதும், சாமான் அறையில் நீ பம்பை மேஜைமேல் வைத்து, குழாயை அளவுக் குடுவைக்குள் விட்டு, "செய்" என்றாய். முந்தின நோயாளிக்கு முப்பது, அடுத்தவருக்கு மூன்று என்று அளவு வைத்தேன். ஒயரைப் பிடுங்குவேன், மாட்டுவேன். மறுபடி முப்பது, மறுபடி மூன்று. மத்தியானம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன் என்றால் நம்புவாயா? நடக்காவிட்டால் நான் பயந்ததெல்லாம் பொய் என்று ஆகிவிடும் அல்லவா. பிறகு திரை ஒரு தரம் சிமிட்டியது. மூன்று என்றுதான் காட்டியது. ஆனால் குடுவையில் சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது இழையாக இறங்கியது. முந்தின நோயாளியின் அளவில் ஓடியது பம்பு.

நீ கத்தவில்லை. வார்டுக்குள் போய், "எல்லாத்தையும் கழட்டுங்க. பழசைக் கொண்டு வாங்க. இப்பவே" என்றாய். கட்டில் கட்டிலாக நீ குழாயை மூடிக்கொண்டே போனதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு குழந்தை இருந்தது.

குடுவையில் நடந்ததை நான் போனில் எடுத்த படத்தைத் தலைமை டாக்டருக்கும் காலண்டருக்கும் அனுப்பிவிட்டேன். காலண்டர் கூப்பிட்டார். "என்ன காரியம்ப்பா பண்ணிட்ட? என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே" என்றார். "சொன்னேன் சார். ஏப்ரல்ல ஒரு தடவை இப்படி வந்தப்பவே சொன்னேன். திரும்ப வரவழைச்சுக் காட்டு, காட்ட முடியலைன்னா அது இல்லைன்னு அர்த்தம்னு சொன்னீங்க" என்றேன். போனை வைத்துவிட்டார். மறுநாள் ஆபீஸ் வாசலில் என் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. காவலாளி என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்.

சோதனை முடிந்தது, குறை இல்லை என்ற தாளில் இருப்பது என் கையெழுத்துதான். அது உனக்கு இப்போது தெரிந்திருக்கும்.

தம்பி

ஜூலை 15

தம்பி,

நீ எழுதியதைப் படித்தேன். ஆத்திரத்தில் எழுதக் கூடாது என்று இத்தனை நாள் பொறுத்திருந்தேன். இன்னும் ஆறவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நீ பயந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நானும் பயந்தவள்தான். தலைமை டாக்டர் முன்னால் பெரிய வாயாகப் பேசி, சீக்கிரம் அனுப்பு என்று உன்னை விரட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

கையெழுத்தைக்கூட விட்டுவிடுகிறேன். அந்தப் பேட்டரிதான்டா எனக்கு ஆறவில்லை. "பேட்டரி வீணாகிவிடும்." என்னிடம் அதை எழுத உனக்குக் கை வந்ததே! ஒயரைப் பிடுங்கினால் குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்து, அதை எனக்குச் சொல்லவும் மனசு வந்து, ஆனால் உன் வேலைக்கு ஆபத்து வராத மாதிரி சொல்லியிருக்கிறாய். நான் அதை நம்பிப் பேட்டரியைக் காப்பாற்றினேன். ஸ்கேனுக்குப் போகிற அவசரத்தில், பேட்டரிதானே, போனால் போகிறது என்று நினைத்துப் பிடுங்கியது இந்தக் கைதான்.

அந்தக் குழந்தையின் அம்மா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா என் பொண்ணு இல்ல சிஸ்டர்" என்றாள். அவளிடம் நான் என்ன சொல்வது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். திரையில் எண் மாறியதை அந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிடலாமா என்றுதான் இருந்தேன். அப்படி விட்டிருந்தால், நீ எனக்குச் சொல்லியிருப்பாயா?

இதற்குப் பதில் இல்லாமல் எதுவும் எழுதாதே.

அக்கா

ஆகஸ்ட் 10

அக்கா,

சொல்லியிருப்பேன் என்று எழுதித் தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன். எழுதும்போது எனக்குப் பொய் வராது என்று நீதானே சொன்னாய்.

தெரியவில்லை அக்கா. அதுதான் பதில். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும், சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது என்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. காலண்டர்மேலிருந்த பயமெல்லாம் போய்விட்டது. என்மேல் வந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த முறை தாமதமில்லாமல் சொல்கிறேன். உன் வார்டிலிருந்து எடுத்துப்போன பம்புகளைச் சரிசெய்துவிட்டார்களாம். திருத்தியதைச் சோதிக்கிற வேலையைக் குருவியிடம் கொடுத்திருக்கிறார்கள், தனியாக. சுவரில் புதுத் தேதி ஒட்டியாகிவிட்டது. நேற்று என்னைக் கூப்பிட்டாள். தெருவில் நின்று பேசினாள் போல. வண்டிச் சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது.

"அண்ணா, இன்னொரு தடவை வந்த மாதிரி இருந்துச்சு. சரியாத் தெரியல. தேதி நெருங்கிடுச்சு."

"கையெழுத்துப் போடாதம்மா" என்றேன்.

"நான் போடலைன்னா வேற யாராவது போடுவாங்க. நீங்களும் அப்படித்தானே நெனச்சீங்க?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"போட்ட அன்னிக்கு உங்களுக்கு எப்படிண்ணா இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பம்புகள் திரும்பி வரும். தாளோடு வரும். தாளை நம்பாதே. இதை எல்லோருக்கும் தெரியும்படி சொல், நான் சொன்னேன் என்று என் பெயரைப் போட்டே சொல். தலைமை டாக்டருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். என் பழைய கம்பெனியின் பெயரைக் கேட்டதும் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள்.

தம்பி

செப்டம்பர் 4

தம்பி,

பம்புகள் போன வாரம் திரும்பி வந்தன. குறை நீங்கியது என்று தாளும் வந்தது. கீழே ஒரு பொடி எழுத்துக் கையெழுத்து. நான் ஒன்றையும் பெட்டியிலிருந்து எடுக்க விடவில்லை. "கம்பெனியே எழுதிக் கொடுத்துட்டாங்களே சிஸ்டர், உங்க தம்பி கோபத்துல எழுதியிருப்பார்" என்று தலைமை டாக்டர் சொன்னார். பழைய பம்புகள் பாதி நின்றுபோய்விட்டன. வேறு வார்டிலிருந்து இரவல் வாங்கி ஓட்டுகிறேன். இரவல் எத்தனை நாள் வரும்? திங்கட்கிழமைக்குள் மாட்டியாக வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வந்துவிட்டது. என் கையெழுத்துக்கும் அதில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். பேனாவை எடுத்து, மறுபடி கீழே வைத்துவிட்டேன். உன்னை நினைத்துக்கொண்டேன். இவ்வளவு சின்ன இடமா என்று தோன்றியது.

இன்று காலை வார்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். தோளில் பை. தலைகூட வாரவில்லை. "சிஸ்டர்" என்று கூப்பிட்டது காதில் விழவில்லை. உதடு அசைந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். "அண்ணாவோட அக்கா நீங்கதானே? அந்த பம்பை மாட்டாதீங்க. கையெழுத்துப் போட்டது நான்தான். எனக்கு பயமா இருக்கு."

கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தேன். ஐஸ்கட்டி போல இருந்தது. ஆபீசில் லீவ்கூடச் சொல்லவில்லையாம். நேரே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எதிரே உட்கார்ந்து, எப்போது வந்தது, எப்படி வந்தது, எத்தனை நாள் கேட்டாள், எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று எல்லாம் சொன்னாள். குரல் உடைந்து உடைந்து வந்தது, ஆனால் நிறுத்தவில்லை. டாக்டர் உத்தரவைக் கையில் எடுத்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெட்டிகள் திரும்பப் போகின்றன. நாங்கள் இன்னும் எத்தனை மாதம் இரவல் பம்பில் ஓட்டப்போகிறோம் என்று தெரியவில்லை. அந்தப் பயம் தீரவில்லை. இவள் கதி என்னாகும் என்பது வேறு.

இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறாள். தூங்குகிறாள். வாண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கிறாள்.

நீ பயந்தாய். இவளும் பயந்தாள். ஒரே மேஜை, ஒரே தேதி, ஒரே மனிதர். அதனால் உன்னை நான் இனி கேள்வி கேட்கப்போவதில்லை. தெரியவில்லை என்று நீ எழுதியது உண்மை என்பதும் எனக்குத் தெரியும். அந்த உண்மையைப் படித்ததிலிருந்து, உன்னைக் குழந்தையாகத் தூக்கி வளர்த்த இடுப்பு எனக்கு வலிக்கிறது.

ஆனால் ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எண் மாறியது என்று உனக்கு எழுதிய மாதிரி இவளுக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை, தம்பி. யாரும் எழுதாமலே வந்திருக்கிறாள்.

விழித்ததும் உன்னைப் பற்றித்தான் கேட்பாள். வந்து நீயே பேசு.

அக்கா